படகு கடைசியில் வரட்டும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களை எண்ணிப் பாருங்கள். சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம் என எதை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஓர் ஏரி உண்டு. கிழக்கே சென்றால் வங்கக் கடல். இத்தனை நீருக்கு நடுவே வாழும் நம் பிள்ளைகளுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? மாலை மதரஸாவில் என்னிடம் ஓதும் முப்பது மாணவர்களிடம் இதைக் கேட்டேன். கை உயர்த்தியவர் இருவரே.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. என் மாணவன் ஒருவனின் குடும்பம் மொட்டை மாடியில் இரவைக் கழித்து, மறுநாள் மீனவச் சகோதரர்களின் படகில் கரை சேர்ந்தது. படகில் கால் வைக்கவே அவன் நடுங்கினானாம். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகச் சொல்லப்படுவதை நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். வீட்டில் நிறைவேற்றினோமா?

இப்போது நம் இளைஞர்களுக்குக் கயாக் மீது ஆசை பிறந்திருக்கிறது. கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு. வட துருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின் மீது கடல்நாய்த் தோலைப் போர்த்தி அதை உருவாக்கினர். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குச் சென்று ‘கேட்டமரான்’ ஆனதைப் போல, அவர்களுடைய சொல்லும் உலகெங்கும் பரவிவிட்டது.

“ஹஜ்ரத், கயாக் வாங்க எவ்வளவு ஆகும்?” என்றே பிள்ளைகள் தொடங்குகிறார்கள். நானோ, படகு கடைசியில் வரட்டும் என்கிறேன். நாற்பதைக் கடந்த பின் என் மகனுடன் நான் துடுப்புப் பிடித்த வரிசையும் அதுவே.

முதற்செலவு நீச்சலுக்கு. 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் நம் பகுதிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு கோடை விடுமுறை போதும், அச்சம் அகன்றுவிடும்.

அடுத்தது வாடகைப் படகு. 1984 முதல் முட்டுக்காட்டில் அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுத்துறை நடத்தி வருகிறது. கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்பிப்போர் சிலரிடம் கயாக்கும் உண்டு. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகச் செல்லும் அந்தச் சாலை, கோவளம் தர்காவுக்குச் சென்றுவரும் குடும்பங்களுக்குப் பழகியதே. நாலைந்து முறை வாடகைக்கு எடுத்துப் பார்த்தால், ஆசை நிலைக்குமா என்பது தெரிந்துவிடும். நிலைக்காவிட்டால் பெரும் பணம் மிச்சம்!

மூன்றாவது, லைஃப் ஜாக்கெட் எனப்படும் உயிர்காப்பு அங்கி. சிக்கனம் செல்லாத இடம் இது ஒன்றே. 50 நியூட்டன் மிதவைத் திறன் கொண்டது, நீந்தத் தெரிந்து கரையருகே துடுப்பு வலிப்பவருக்கு உரியது. நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டனுக்குக் குறைந்தது உதவாது. உடலுக்கு அளவாக இருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறிவிடக்கூடாது. பருத்தி ஆடை நீரைக் குடித்துக் கனக்கும். விரைவில் உலரும் துணியில் முழுக்கையும் முழுக்காலும் தைத்துக்கொண்டால், நம் பெண்மக்களுக்கு ஆடை ஒழுங்கும் காக்கப்படும், வெயிலும் தாக்காது.

இவ்வளவும் ஆன பிறகே படகு. காற்றடைக்கும் கயாக்கே விலை குறைந்தது. மடித்துப் பையில் வைத்துப் பேருந்திலும் கொண்டு செல்லலாம். ஆனால் காற்று அதை எளிதில் இழுத்துச் செல்லும். சிப்பி ஓடுகள் கிழித்துவிடும். கடலலைக்கு அது ஏற்றதன்று. நாலைந்து குடும்பங்கள் பணம் சேர்த்து, பழைய பிளாஸ்டிக் கயாக் ஒன்றை வாங்கிக்கொள்வது சிறப்பு.

காலமறிந்து செல்வதும் அவசியம். ஃபஜ்ருத் தொழுகை முடித்துப் புறப்பட்டால் நீர் அமைதியாயிருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும். வடகிழக்குப் பருவமழையில் தென்சென்னையின் வெள்ளநீர் பெருமளவு முட்டுக்காட்டு முகத்துவாரம் வழியாகவே கடலுக்கு விரைகிறது. அந்நாள்களில் அங்கே துடுப்பெடுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். ஏரிகளிலோ கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் இருக்கின்றன. அனுமதியின்றி இறங்கவும் கூடாது.

பெற்றோர்களே! படகு வாங்கித் தர இயலாவிட்டால் வருந்த வேண்டாம். நீச்சலைக் கற்றுக்கொடுங்கள். மற்றொரு டிசம்பரில் வெள்ளம் நம் தெருவுக்கு வந்தால், உங்கள் பிள்ளை படகில் நடுங்காமல் ஏறுவான். பக்கத்து வீட்டு முதியவருக்கும் கை கொடுத்து ஏற்றுவான், இன்ஷா அல்லாஹ்.