வைகறையில் ஒரு பெய்ஜிங் பூங்கா

ஃபஜ்ர் தொழுதுவிட்டு விடுதியிலிருந்து இறங்கியபோது பெய்ஜிங் நகரம் முழுமையாக விழித்திருக்கவில்லை. ஆயினும் தியென்தான் பூங்காவின் வாயிலில் முதியவர்கள் சாரிசாரியாக நுழைந்துகொண்டிருந்தனர். மிங் மன்னர் ஒருவர் 1420இல் எழுப்பிய வழிபாட்டு மண்டபங்களைச் சுற்றி 270 ஹெக்டேருக்கும் மேலாக விரிந்த பெருந்தோப்பு அது. முதுபெரும் சைப்ரஸ் மரங்களின் கீழ் அவர்கள் தாய்சி பழகினார்கள்.

எண்பதை எட்டியவராகத் தோன்றிய ஒரு மூதாட்டியிடமே என் கண்கள் நிலைத்தன. முழங்காலைச் சற்றே மடித்து, ஒரு காலில் முழுப் பாரத்தையும் தாங்கி, மறு காலைப் பூனைபோல் ஓசையின்றி முன்வைத்தார். பிறகு, ஒரு குடத்து நீரை மறு குடத்தில் ஊற்றுவதுபோல், உடலின் பாரத்தைச் சிறிது சிறிதாக அக்காலுக்கு மாற்றினார். அவசரமே இல்லை.

எனக்கு உம்மாவின் நினைவு வந்தது. வுளூச் செய்த ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் அவர். எலும்பு கூடிவிட்டது, அச்சம் போகவில்லை. கட்டிலும் நாற்காலியுமே அவருடைய உலகமாகிவிட்டன.

தாய்சி, போர்க்கலையாகப் பிறந்தது. ஹெனான் மாநிலத்தின் சென்ஜியாகோ கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் அது உருப்பெற்றது என்பர். பொதுமக்கள் எளிதில் கற்பதற்காக 1956இல் சீன அரசு அதை 24 அசைவுகளாகச் சுருக்கியது. சீகுங் இன்னும் எளியது. மூச்சோடு இணைந்த மென்மையான அசைவுகள். 'எட்டுப் பட்டுத்துண்டுகள்' என்னும் பழம்பயிற்சியை அமர்ந்தபடியும் செய்யலாம்.

உடலில் ஓடுவதாக அவர்கள் கூறும் 'சீ' என்னும் ஆற்றலை அறிவியல் அளந்து காட்டியதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்புவது பேதைமை. ஆனால் கால்கள் வலுப்பெறுவதும் சமநிலை கூடுவதும் மெய். அட்லாண்டா நகரில் எழுபது வயதைக் கடந்த 200 பேரிடம் ஆய்வு நடத்தி, 1996இல் வெளியிட்டார்கள். பதினைந்து வாரம் தாய்சி பழகியவர்களிடையே, மீண்டும் மீண்டும் விழும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

அன்று ஜும்ஆவுக்கு, 996இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் நியூஜியே பள்ளிவாசலுக்குச் சென்றேன். சீன முஸ்லிம்களான ஹுய் மக்களின் பள்ளி அது. அச்சமூகத்தில் 1881இல் பிறந்த வாங் ஸிபிங், பெயர்பெற்ற மல்லர், எலும்பு வைத்தியரும்கூட. முதியோர் நலம் கருதி 20 பயிற்சிகளை வகுத்துத் தந்தவர் அவர். மல்லர் ஒருவர் முதியோருக்காகச் சிந்தித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஊர் திரும்பி, மருத்துவரின் இசைவு பெற்று, அமர்ந்து செய்யும் அசைவுகளில் தொடங்கினோம். பின்னர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாரம் மாற்றும் பழக்கம். "நடக்கத் தெரிஞ்ச எனக்கே நடை சொல்லித் தர்றியா வாப்பா?" என்று உம்மா சிரித்தார்.

நான்காம் மாதம் ஒரு நாள், அஸருக்கு வுளூச் செய்ய அவரே எழுந்து போனார். நான் கதவருகில் நின்றேன், கை நீட்டவில்லை.