மூளையில் ஒரு புடைப்பு: 5 மி.மீ.ன்னா பயப்படணுமா?

தலைவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போய், ரிப்போர்ட்ல "அனியூரிசம், 5 மி.மீ."ன்னு ஒரு வரியைப் பார்த்துட்டு தூக்கத்தைத் தொலைச்சவங்க உண்டு. இந்தத் திரெட் முக்கியமா அவங்களுக்கு.

மூளை ரத்தக்குழாயின் சுவர் ஒரு இடத்தில் பலவீனமாகி வெளியே புடைக்கிறதுதான் அனியூரிசம். பழைய சைக்கிள் ட்யூப்ல காத்தடிச்சா ஒரு இடம் மட்டும் உப்புமே, அப்படி. பெரியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கு. பெரும்பாலானவை கடைசி வரை வெடிக்கிறதில்லை. ஆனா வெடிச்சா, ஏறக்குறைய மூணுல ஒருத்தர் இறந்துடுறாங்க.

"அப்ப இப்பவே அடைச்சிடலாமே டாக்டர்?"

கிளிப் போடலாம், காயில் வைக்கலாம். ஆனா அந்தச் சிகிச்சையிலேயே பக்கவாதம் வர்ற ஆபத்து கொஞ்சம் இருக்கு. சும்மா கிடக்கிறதைத் தொட்டு வம்பை வாங்கக் கூடாது. வெடிக்கப் போறதை விட்டுடவும் கூடாது.

வழக்கமா அளவு, இடம், வயசு, பிபி, இதுக்கு முன்னாடி வெடிச்சிருக்கா, இதையெல்லாம் வச்சுத்தான் முடிவெடுக்கிறோம். 7 மி.மீ.க்குக் கீழேன்னா ஆபத்து குறைவு. ஆனா வெடிச்சு எமர்ஜென்சிக்கு வர்றதுல சின்னதும் நிறைய இருக்கு. அளவு மட்டும் பத்தலை.

சாதாரண ஆஞ்சியோகிராம் உள்ளே ஓடுற ரத்தத்தைத்தான் காட்டும், சுவரைக் காட்டாது. வாடகை வீடு பார்க்கப் போய் ஹாலை அளந்துட்டு, சுவத்துல ஓதம் ஏறியிருக்கான்னு பார்க்காம வர்ற மாதிரி.

அந்த ஓதத்தைப் பார்க்கத்தான் 'வெசல் வால் எம்ஆர்ஐ'. ஓடுற ரத்தத்தைக் கறுப்பாக்கிட்டு, கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பு வழியா ஏத்துவோம். அழற்சியால சேதமான சுவர்ல மருந்து கசிஞ்சு தங்கும். படத்தில் வெள்ளை வளையமா ஒளிரும். 2014-ல் பாரிஸ் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வுல, வெடிச்ச, வளர்ற, அறிகுறி காட்டுற அனியூரிசங்களில் 87 சதவீதம் இப்படி ஒளிர்ந்துச்சு. அமைதியா இருந்தவற்றில் 28.5 சதவீதம்தான்.

அந்த 28.5-ஐ கவனிங்க. ஒளிர்ந்தா நாளைக்கே வெடிக்கும்னு அர்த்தமில்லை. பெரிய அனியூரிசத்துல சுவரை ஒட்டி ரத்தம் மெதுவா சுழன்றாலும் ஒளிர்ற மாதிரி தெரியும். ஒளிரலைன்னா கொஞ்சம் நிம்மதி, அதுதான் என் கணக்குல இந்த டெஸ்ட்டோட பெரிய லாபம். இதை மட்டும் வச்சு ஆபரேஷன் முடிவு பண்றதில்லை. எல்லா சென்டர்லயும் கிடைக்கவும் கிடைக்காது. கிட்னி பிரச்சினை இருந்தா கான்ட்ராஸ்ட் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்கேன் எதுவா இருந்தாலும் சிகரெட்டை இன்னிக்கே நிறுத்துங்க, பிபி மாத்திரையை விடாதீங்க.

வாழ்க்கையிலேயே வராத மாதிரி திடீர்னு இடி விழுந்த தலைவலி, இல்ல திடீர்னு ஒரு கண் இமை மட்டும் இறங்கி பாப்பா விரிஞ்சிருந்தா, ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.