மஸ்கெலியாவில் பிறந்தவர்

2017 பிப்ரவரி. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் என் குடிவரவுச் சட்ட அலுவலகத்துக்கு அந்தத் தம்பதி வந்திருந்தார்கள். அவர் கோவைக்காரர், மென்பொருள் வேலை, ஹெச்-1பி விசா. அதற்கு மூன்றாண்டு நீட்டிப்பு, கூடவே மனைவியின் ஹெச்-4க்கும் நீட்டிப்பு. கையெழுத்து வாங்கினால் முடிந்தது. படிவத்தை அந்த அம்மா பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "கோத்தகிரியில எந்தப் பக்கம்மா?" என் பெரியம்மா அங்கே டீச்சராக இருந்தவர்.

"டான்டீ தேயிலைத் தோட்டத்து லைன் சார். ஆனா அங்க வந்தது ஆறு வயசுலதான். அதுக்கு முன்ன சிலோன்ல மஸ்கெலியா."

"அதெல்லாம் பழைய கதை சார்" என்றார் கணவர்.

அந்த அம்மா கையிலிருந்த பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வேலைவாய்ப்பு வழியாக அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள் தருகிறது. மனைவி மக்களும் இந்தக் கணக்கில்தான். எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. கணவர் இருந்த இரண்டாம் பிரிவில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 2,800. மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டது ஏதும் இருந்தால் கூடக் கொஞ்சம். ஒவ்வொரு மாதமும் வெளியாகும் விசா புல்லட்டினை எங்கள் ஊர்த் தமிழர்கள் தினப்பலன்போலப் படிப்பார்கள். அந்த மாதம் இந்தியாவுக்கு அந்தப் பிரிவின் வரிசை 2008-இல் நின்றிருந்தது. இவருடைய பிரயாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம்பிடித்த தேதி, 2014 மார்ச். சீனாவைத் தவிர மற்ற எல்லா நாடுகளுக்கும் அப்போது 'கரன்ட்', அதாவது வரிசையே இல்லாமலிருந்தது. இவர்கள் மகளுக்கு அப்போது 14 வயது. 21 ஆகிவிட்டால் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவாள். அந்தக் கவலையில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

இதில் 'எந்த நாடு' என்பதைப் பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை, பிறந்த மண் தீர்மானிக்கிறது. கோவையில் பிறந்தவர் கனடாக் குடியுரிமை வாங்கிக்கொண்டு வந்தாலும் இந்திய வரிசையில்தான் நிற்கவேண்டும். ஒரு விலக்கு உண்டு: கூடவே விண்ணப்பிக்கும் கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் கணக்கில் இருவரையும் சேர்க்கலாம். நாங்கள் 'கிராஸ் சார்ஜபிலிட்டி' என்போம். எனக்கு இது மனப்பாடம். ஆனாலும் இரண்டு வருடமாக இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு கோட்டை விட்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் 'கோத்தகிரி' என்று இருந்தது. நானும் பார்த்து எழுதிக்கொண்டேன்.

"அவ சிலோன் பிரஜையே இல்லையே சார்?" என்றார் கணவர்.

நியாயமான கேள்விதான். 1948-இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை எழுதியபோது, இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்து மக்கள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. இந்த அம்மாவின் குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு, அந்த வருடக் கடைசியில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. மறு வருடம் கப்பலே நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, மற்ற பிள்ளைகள் 'சிலோன்காரி' என்று கேலி செய்வார்களே என்று, மகள் பிறந்த ஊரைக் கோத்தகிரி என்று அப்பா சொல்லிவிட்டார். அந்தப் பள்ளிச் சான்றிதழை வைத்துத்தான் பின்னால் பாஸ்போர்ட்.

"மஸ்கெலியாவில பிறந்ததுக்கு ஏதாவது காகிதம் இருக்காம்மா?"

அவருடைய சித்தி இன்னும் அங்கே தோட்டத்தில் இருந்தார். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு அலைந்து நகல் வாங்கி அனுப்பினார். 1977 நவம்பரில் முறைப்படி பதிவான பிறப்பு. ஆனால் அதிலிருந்த பெயர் வேறு, பாட்டி வைத்தது; கோத்தகிரி வாத்தியார் அதை மாற்றிவிட்டிருக்கிறார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று எப்படி நிரூபிப்பது? மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையை அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டிய அட்டை. 'மகள், வயது 6' என்ற வரியில் பாட்டி வைத்த பெயர். வேறு பெண் குழந்தை அட்டையில் இல்லை. அதோடு பள்ளிப் பதிவேட்டின் நகல், அப்பாவின் உறுதிமொழிப் பத்திரம்.

பழைய விண்ணப்பங்களில் எல்லாம் 'இந்தியா' என்று எழுதியிருந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டால் உள்ளதும் போய்விடும். நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். தவறு எப்படி நேர்ந்தது, அதனால் இவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை, பார்க்கப்போனால் நட்டம்தான் என்று நான்கு பக்கக் கடிதம் வைத்து ஏப்ரலில் ஐ-485, அதாவது கிரீன் கார்டு விண்ணப்பம், தாக்கல் செய்தோம்.

அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து வேலைவாய்ப்பு விண்ணப்பங்களுக்கும் நேர்காணல் கட்டாயமானது. எங்களுக்கும் ஓலை வந்தது. அதிகாரி பொறுமையானவர். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். தகப்பனின் இனம்: இந்தியத் தமிழர்.

"இங்கே இந்தியர் என்றுதானே இருக்கிறது?"

நான் வாய் திறக்குமுன் அந்த அம்மாவே பதில் சொன்னார், நிதானமான ஆங்கிலத்தில்: "அங்கே இருந்தவரை எங்களை அப்படித்தான் எழுதினார்கள். இந்தியாவுக்கு வந்த பிறகு சிலோன்காரி என்றார்கள்." அதிகாரி சிரிக்கவில்லை. கப்பலில் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டார். அந்த அம்மாவுக்கு நினைவில்லை, வாந்தி எடுத்தது மட்டும் நினைவிருந்தது.

கிரீன் கார்டுகள் மூன்றும் ஒரே உறையில் வரவில்லை. அந்த அம்மாவுடையதுதான் முதலில் வந்தது. பிறந்த நாடு: இலங்கை. வீடியோவில் அப்பாவிடம் காட்டினாராம். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படித்துவிட்டு, "இதை அங்க உள்ளவன் குடுத்தானா, அமெரிக்காக்காரன் குடுத்தானா?" என்று கேட்டாராம்.

நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்திருந்த பழைய முறையை ஒழிக்கத்தான் 1965-இல் அதிபர் ஜான்சன், சுதந்திரதேவி சிலையடியில் உட்கார்ந்து கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் வகுத்த வழியில் வந்ததுதான் இன்றைய இந்த வரிசையும். கோவைக்காரரைவிட அதிகம் படித்து, அவருக்கு முன்பே விண்ணப்பித்த சேலத்துக்காரர் ஒருவரின் கோப்பு அதே அலமாரியில், அடுத்த தட்டில் இருந்தது. அவருக்கு என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

விஷயம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் அன்னதான வரிசைவரை பரவிவிட்டது. ஒரு மாதம் ஓயாமல் போன் வந்தது. ஒருவரின் மனைவி குவைத்தில் பிறந்தவர். அவருக்கு வேலை நடந்தது. சேலத்துக்காரரும் கூப்பிட்டார்.

"சார், என் வீட்டுக்காரி எங்க பிறந்தான்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"எங்க?"

"ஆரணி சார்."