புரோட்மெடோஸ் தந்த கார்க் குடும்பம்

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலிருந்து வடதிசை நோக்கிச் செல்வோமாயின், புரோட்மெடோஸ் என்னும் புறநகரை அடைவோம். போர்ட் நிறுவனத்தாரின் பால்கன் கார் 1960ஆம் ஆண்டு தொடக்கம் இங்கேதான் உருவாயிற்று.

அமெரிக்கக் காரைத் தழுவிப் பிறந்த முதற் பால்கன்கள் அந்நாட்டின் கரடுமுரடான தெருக்களைத் தாங்கவில்லை; முன்சக்கரங்களை ஏந்தும் பாகங்கள் முறிந்தன. பொறியியலாளர் அவற்றை வலுப்படுத்தினர். பின்னர் அக்கார் ஒரு குடும்பமாகவே பெருகிற்று. பிள்ளைகுட்டிகளோடு செல்வோர்க்குப் பின்புறம் நீண்ட ஸ்டேஷன் வாகன்; கமக்காரருக்குத் திறந்த பெட்டியுடைய யூட்; தொழில் செய்வோர்க்கு மூடிய வான்; வசதி படைத்தோர்க்குப் பெயார்மண்ட்; வேகத்தை விரும்புவோர்க்கு 1967இல் எட்டுச் சிலிண்டர் கொண்ட ஜீ.ரீ. இவை யாவும் ஒருதாய் மக்களே. தொழிலாளியும் முகாமையாளரும் ஒரே குலத்துக் காரிற் சென்ற காலம் அது.

காலப்போக்கில் இறக்குமதிக் கார்கள் மலிந்தன. மக்கள் மனமும் உயரமான வண்டிகளை நாடிற்று. 2016 ஒக்டோபர் 7ஆந் திகதி இறுதிப் பால்கன் வெளிவந்தது. அத்துடன் இங்கு கார் செய்யுந் தொழில் ஓய்ந்தது. மறு ஆண்டில் டொயோட்டா, ஹோல்டன் ஆலைகளும் அவ்வழியே சென்றன. பால்கன்கள் இன்றும் அந்நாட்டுத் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றைச் செய்த கைகளோ வேறு தொழில் தேட நேர்ந்தது. வாங்குவோர் இன்றேல் எத்துணைச் சிறந்த கைத்திறனும் நிலையாதென்பதை இவ்வூரில் நாம் கண்கூடாகக் காண்கிறோம்.