எதிர்வீட்டு ஸ்டார்

டிசம்பர் வந்தாலே எனக்கு சேலம் அம்மாபேட்டைதான் ஞாபகம் வரும். பனியில் தறிச் சத்தம் கேட்டுத்தான் கண்ணு முழிப்போம். மார்கழி பொறந்ததும் (டிசம்பர் 16 வாக்குல) அம்மா கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ வைப்பாங்க. அதே வாரம் எதிர்வீட்டு அக்கா வாசலில் மூங்கில் குச்சி ஸ்டார் தொங்கும். கலர் பேப்பர் ஒட்டுற பசை, எங்க வீட்டுப் பாவுக் கஞ்சி! கிறிஸ்துமஸ் ராத்திரி அவங்க அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போய் வந்ததும், விடிஞ்சா எங்களுக்கு முறுக்கும் அதிரசமும்தான் :)

ஒரு வருஷம் நூல் வாங்கக் காசில்லாம அவங்க தறி நின்னுபோச்சு. "இந்த தடவை ஸ்டார் வேணாம் கண்ணு"ன்னுட்டாங்க அக்கா. அப்பா ஒண்ணும் பேசலை. பரண்ல கிடந்த அவங்க பழைய ஸ்டாரை வாங்கிட்டு வந்து, கஞ்சி காய்ச்சி ராத்திரியோட ராத்திரியா ஒட்டினார். பல்பு எங்க வீட்டுது.

மறுநாள் விடிகாலை அம்மா அந்த வெளிச்சத்துலதான் கோலம் போட்டாங்க.