வக்கீல் சன்னது போனபின்

வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஊருக்குப் புத்தி சொல்ல வந்தவர்களில் இன்று பெரிய பெயர், அமெரிக்காவின் மெல் ராபின்ஸ் அம்மையார். நியூயார்க்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடியவர். பிற்பாடு கணவரின் உணவக வியாபாரம் நொடித்து, எட்டு லட்சம் டாலர் கடன். படுக்கையை விட்டு எழவே மனம் வராத அந்த நாட்களில், ராக்கெட் விடுவதுபோல் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி எழுந்ததாகச் சொல்கிறார். அதுவே புத்தகமாயிற்று. 2022 முதல் பாட்காஸ்ட் நடத்துகிறார். பாட்காஸ்ட் என்றால் நம் காலத்து வானொலிப் பேச்சுதான். நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், கைப்பேசியில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

பேத்தி அனுப்பி வைத்தாள், கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் என் நினைவு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நம் வக்கீல் ஒருவரிடம் போயிற்று. அவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டியதும் செக்கிழுத்ததும் எல்லோருக்கும் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் லூயி மன்னர்கள் வரிசையாக வருவார்கள், தூத்துக்குடி வராது. உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் வ.உ.சி.யைப் படித்தேன். சுயமுன்னேற்ற நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். இருபதும் இருபதும் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி போயிற்று. வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. அரசாங்க ஆபீசில் இருந்த நமக்குத் தெரியும், ஒரு காகிதத்தை ரத்து செய்தால் ஒரு குடும்பத்தின் சோறே போய்விடும்.

அந்தக் காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தது ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் எழுத்து. ஆலனும் கம்பெனிகளில் செயலர் வேலை பார்த்து, பிறகு எழுத்துக்கு வந்தவர். எண்ணம் எப்படியோ வாழ்வு அப்படி என்பது அவருடைய சாரம். அவருடைய நூல் வ.உ.சி.யின் தமிழில் 'மனம் போல வாழ்வு' என்று 1909இல் வந்தது. வ.உ.சி. அப்போது சிறையில் இருந்தார். பிறகு 1914இல் 'அகமே புறம்', 1916இல் 'வலிமைக்கு மார்க்கம்', கடைசியாக 1934இல் 'சாந்திக்கு மார்க்கம்'. இவை தவிர, கண்ணனூர்ச் சிறையில் 'மெய்யறிவு', 'மெய்யறம்' என்று சொந்தமாகவும் எழுதினார்.

எனக்கு இங்கேதான் ஒரு கேள்வி. நம் நிலைமைக்கு நம் எண்ணமே காரணம் என்றால், வ.உ.சி. சிறைக்குப் போனது அவர் எண்ணத்தின் கோளாறா? வெள்ளைக்காரன் சட்டம்தானே அவரை உள்ளே தள்ளியது? இது அவருக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். சிறைக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். நூற்பாலைத் தொழிலாளிகளிடம், "மனசைச் சரிசெய்துகொள், கூலி தானாக வரும்" என்று அவர் சொல்லவில்லை. கூலியைக் கூட்டு, வேலை நேரத்தைக் குறை, ஞாயிற்றுக்கிழமை லீவு கொடு என்று நிர்வாகத்தைக் கேட்க வைத்தார். கேட்டது கிடைத்தது.

வெளியே எது நியாயமில்லையோ அதை எதிர்த்து நிற்க வேண்டும். நிற்பதற்கு உள்ளே தெம்பு வேண்டும். ஆலனை அவர் அந்தத் தெம்புக்காகவே படித்தார் என்பது என் எண்ணம்.

எங்கள் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறி ஓட்டும் பையன்கள் காதில் இயர்போன் மாட்டியிருக்கிறார்கள். பாட்டும் கேட்கிறார்கள், இந்த மாதிரிப் பேச்சும் கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். காலையில் எழ ஐந்து எண்ணுவதில் தப்பில்லை. ஆனால் நூல் விலை ஏறிக் கூலி நிற்கும்போது, "என் மனசுதான் சரியில்லை போலிருக்கிறது" என்று ஒரு பையன் தன்னையே நொந்துகொண்டால், அந்தப் பேச்சு அவனுக்குக் கெடுதல் செய்கிறது.

வ.உ.சி.க்குப் பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நன்றிக்குத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் பிள்ளை. ஆட்சியை எதிர்த்தவருக்கு மனிதர்மேல் கசப்பு இல்லை. மனத்தைப் பழக்கியவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

'மனம் போல வாழ்வு' சின்னப் புத்தகம், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும்போது கோரல் மில் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.