சோறு உருட்டும் வகுப்பு

சோறு உருட்டுவதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் வாய்விட்டு நகைப்பார்கள். ஆயினும் நடந்தது அதுவே. சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் ரொறன்ரோ நகரில் மாமா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். மாமாவின் மகள், எனக்கு மச்சாள் முறையானவள், எங்கள் மூவருக்குமாக ஒரு சுஷி வகுப்புக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். வகுப்பு நடைபெற்ற இடம் பாடசாலையுமன்று, உணவகமுமன்று. சிறிய அளவில் பியர் தயாரிக்கும் ஒரு மதுக்கூடம். பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றைத் துப்புரவாக்கி, ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருக்குத் தாங்கிகளை ஒருபுறமும், நீண்ட மரமேசைகளை மறுபுறமும் நிறுத்தியிருந்தார்கள்.

மதுக்கூடத்துக்கும் யப்பானியச் சோற்றுக்கும் என்ன உறவு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. வகுப்பை நடத்திய இளம்பெண்ணும் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபோதுதான் அவ்வுறவு நான் எண்ணியதிலும் நெருக்கமானது என்பது புலனாயிற்று. ஆதியில் சுஷி என்பது மீனை உப்பும் சோறும் இட்டு மாதக்கணக்கிற் புளிக்கவைக்கும் முறையாகும். மீன் பதமானதும் மீனை உண்பார்கள். குழைந்துபோன சோற்றை எறிந்துவிடுவார்கள். பீவா ஏரிக்கரையில் இன்றும் அவ்வகைச் சுஷி செய்யப்படுகின்றது. காலப்போக்கில், காத்திருக்கப் பொறுமையில்லாத நகரத்து மாந்தர் புளிப்புக்கு வினாகிரியைச் சேர்த்தனர். 1804ஆம் ஆண்டளவில் ஹண்டா என்ற ஊரில் நக்கானோ மத்தசாயெமோன் என்னும் மது வடிப்பவர், அரிசி மது பிழிந்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து மலிவான வினாகிரி தயாரிக்கத் தொடங்கினார். எடோ நகரத்து, அதாவது இன்றைய டோக்கியோவின், தெருவோரக் கடைகளில் அவ்வினாகிரி பெரிதும் செலவாயிற்று. வினாகிரி கலந்த சோற்றைக் கையாற் பிடித்து, அதன்மேல் ஒரு துண்டு மீனை வைத்து விற்றார்கள். நின்ற நிலையிலேயே வாங்கி உண்டுவிட்டு வேலைக்கு விரைந்தவர்களுக்கு அது உணவு. இன்று பெருஞ்செல்வர் விருந்தில் இடம்பெறுவது அன்று உழைப்பாளியின் பசிக்கு ஈடுகொடுத்த தெருப்பண்டம்.

எங்கள் நாட்டிலும் தென்னங் கள்ளுத்தானே புளித்து வினாகிரியாகின்றது! அந்த மதுக்கூடத்தின் சுவரில் பியர் தயாரிப்போரின் படங்கள் மாலையிடாத குறையாகத் தொங்கின. எங்கள் ஊரில் கள்ளை எல்லாரும் குடித்தார்கள். கள் இறக்கியவனைக் கோயில் வாசலிலே தடுத்தார்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்ததை இவ்வேட்டின் வாசகர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

பாடத்துக்கு வருவோம். குறுமணி அரிசியை நீர் தெளியும்வரை கழுவி, ஏறக்குறைய அரிசியளவே நீர் விட்டு அவித்திருந்தார்கள். வினாகிரி, சீனி, உப்பு மூன்றையும் சூட்டில் கரைத்து, சுடுசோற்றின்மேல் தெளித்து, மர அகப்பையால் வெட்டுவதுபோலக் கிளறவேண்டும், பிசையலாகாது. மூங்கிற் குச்சிகளைக் கோத்த சிறு பாயில், மினுங்கும் பக்கம் கீழே இருக்குமாறு கடற்பாசித் தாளை விரித்து, மேல் விளிம்பில் விரலகலம் விட்டுச் சோற்றைப் பரப்பவேண்டும். அதன்மேல் வெள்ளரிக்காய், பட்டர்ப்பழம், சமன் மீன். பின்னர் பாயோடு சேர்த்துச் சுருட்டி அழுத்தி, ஈரக்கத்தியால் எட்டுத் துண்டாக்கவேண்டும். பச்சைச் சமனை யப்பானியர் முற்காலத்தில் உண்பதில்லை என்பதும், 1980களில் நோர்வே நாட்டார் தங்கள் பண்ணை மீனை விற்பதற்கு எடுத்த பெருமுயற்சியே அதனைச் சுஷியில் ஏற்றியது என்பதும் வகுப்பிற் சொல்லப்படாத செய்திகள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சுவைத்தது சோறுதான், மீன் அன்று.

அந்தக் கடற்பாசித் தாளைப் பற்றி மட்டும் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். யப்பானிய மீனவர் கடலில் மூங்கிற் கிளைகளை நட்டுவைத்து, பாசி தானாக வந்து படியும் என்று நெடுங்காலம் காத்திருந்தவர்கள். அதன் வித்து எங்கிருந்து வருகின்றது என்பதை அவர்கள் அறியார். யுத்தத்தின் பின் விளைச்சல் வீழ்ந்தபோது செய்வதறியாது நின்றார்கள். 1949இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பெண் விஞ்ஞானி, இவ்வினப் பாசி தன் வாழ்வின் ஒரு பருவத்தைச் சிப்பி ஓட்டினுள்ளே நுண்ணிழைகளாகக் கழிக்கின்றது என்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். அவ்வறிவைக் கொண்டே யப்பானிய ஆய்வாளர்கள் பாசியைப் பயிரிடும் வழியை வகுத்தனர். இந்த அம்மையார் யப்பானை ஒருநாளும் கண்டதில்லை. அதுமட்டுமன்று, 1928இல் திருமணஞ் செய்தமையால், மணமான பெண்களுக்கு வேலை கொடுப்பதில்லை என்ற விதியின்படி பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை இழந்தவர். அதன்பின் ஊதியமின்றியே ஆய்வு செய்தார். 1957இல் அவர் மறைந்தார். 1963இல் குமமொத்தோ மாகாணத்துக் கடற்கரையில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆந் திகதி அங்கே அவரை நினைவுகூர்கின்றார்கள். திருமணமான ஆசிரியை ஒருத்திக்கு இக்கதை வெறும் தாவரவியற் பாடமாக இருக்க முடியாது.

இனி மாமா. மேசையைச் சுற்றியிருந்த நாங்கள் எல்லாரும் சோற்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்க, அவர் கண்ணிமைக்கும் பொழுதில் ஒரு சுருளை முடித்துவிட்டார். எட்டுத் துண்டும் அளந்தெடுத்தாற்போல இருந்தன.

"கையை நனைச்சுக்கொள் பிள்ளை. காய்ஞ்ச கையிலை சோறு ஒட்டும்," என்றார் என்னிடம், மெதுவாக.

ஆசிரியை வந்து பார்த்தாள், புருவத்தை உயர்த்தினாள், எங்கே பயின்றீர்கள் என்று கேட்டாள். மாமா சிரித்துக்கொண்டு தலையசைத்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை. மச்சாளின் முகத்திலோ பெருந்திகைப்பு. தகப்பன் "றெஸ்ரோறன்ற் வேலை" செய்தவர் என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். அவர் விடியுமுன் போய், அவள் உறங்கியபின் வருபவர். அவளுடைய எண்ணத்தில் இந்த வகுப்பு தகப்பனுக்குப் புதியதொன்றைக் காட்டும் பரிசு.

திரும்பும் வழியில், பேருந்தில், மாமா வாய்திறந்தார். 1989இல் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரில் ஒரு யப்பானிய உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவச் சேர்ந்தார். மூன்றாண்டு கழுவியபின் சோறு அவிக்க விட்டார்கள். அதன்பின் சுருட்ட விட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் சுருட்டினார். ஆனால், வாடிக்கையாளர் காணும்படி முன்மேசையில் நின்று செய்ய ஒருநாளும் விடவில்லை.

"சனம் சுஷி தின்ன வரேக்கை என்ரை முகத்தைக் கண்டால் நம்பாதாம். முதலாளி சொன்னவன். கை மட்டும் வேணுமாம்."

அவர் சுருட்டியவற்றை வேறொருவர் முன்னே எடுத்துச் சென்று அடுக்குவாராம். கோபமாக அவர் இதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. சிறிது நேரத்தின் பின் மகளைப் பார்த்து, சீட்டின் விலை என்ன என்று கேட்டார். அவள் முதலில் மழுப்பினாள். பின்னர் ஆளுக்கு 80 டொலர் என்றாள். மாமா மனத்துக்குள் கணக்குப் போட்டார். சட்டப்படி ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 5 டொலராக இருந்த நாளில், அவருக்குக் கையிற் கிடைத்தது 4 டொலர்.

"இருவது மணித்தியாலம்," என்றார். "ஒரு ஆளுக்கு."

மச்சாள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூங்கிற் பாயை வகுப்பில் எங்களுக்கே தந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் குசினியில் அதை விரித்து, வெள்ளரிக்காயும் பொரித்த முட்டையும் வைத்துச் சுருட்டினார். மாமி பச்சை மீனை மணந்தும் பார்க்கமாட்டார் என்பதற்காக முட்டை. முப்பது ஆண்டுக்கு மேலாக அவரோடு குடும்பம் நடத்திய மாமி, கன்னத்திற் கைவைத்து அருகில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே அங்கை செய்தனீங்கள் இவ்வளவு காலமும்?"

"ஓம். இதுதான்," என்றார் மாமா. "அந்தக் கத்தியை நனைச்சுத் தாரும்."